தைத்தவளைத் திட்டுமுன் துணியைத் தொட்டுப் பாருங்கள்

நான் கார்மன்ட்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், தையல் ஒப்பரேட்டராக இருந்த காலம். ஒரு மாதம் முழுக்க எங்கள் லைனில் ஓடியது ஆண்கள் சேர்ட், கொஞ்சம் தடித்த பருத்தித் துணி, அதில் ஒரு தொல்லையும் இருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் ஸ்டைல் மாறியது. மெல்லிய, வழவழவென்ற பொலியெஸ்டர் துணியில் பெண்கள் ப்ளவுஸ். எனக்கு முன் மெஷினில் இருந்தவள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பக்க மூட்டு அடிக்கிற வேலை அவளுக்கு, அதாவது முன் துண்டையும் பின் துண்டையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பது. அதே மெஷின், அதே ஊசி, அதே நூல், அதே கை. தேத்தண்ணி நேரம் வருவதற்குள் பிழை காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய உருப்படிகள் அவள் பக்கத்தில் குவிந்துவிட்டன, தைத்த கோடு நெடுக ஒரே சுருக்கு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே தைச்ச, இப்ப என்ன வந்துச்சு உனக்கு?" என்று சுப்பவைசர் கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் அடுத்ததைத் தைத்தாள், அதுவும் சுருங்கியது.

அவளுக்கு ஒன்றும் வரவில்லை, துணிதான் மாறியிருந்தது. இது எனக்குச் சரியாக விளங்கியது பின்னால் தரம் பார்க்கிற கியூசி பிரிவில் ஆறு வருடம் நின்ற பிறகுதான்.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் கார்மன்ட் தொழில் இலங்கையில் பெரிதாக வளர்ந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 கார்மன்ட் திட்டம் என்று அதை ஊர்ப்புறங்களுக்கும் கொண்டுபோனார். இன்றைக்கு மலையகத்தில் ஒரு அக்காவோ தங்கச்சியோ கார்மன்ட்டுக்குப் போகாத லயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் நாம் தையலைப் பற்றிப் பேசுகிற பேச்சு மட்டும் மாறவே இல்லை. நல்ல கை இருந்தால் எதையும் தைக்கலாம் என்கிறோம், தடித்த துணிதான் கஷ்டம் மெல்லியது சுலபம் என்கிறோம், நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்கிறோம். மூன்றும் பாதிக்கு மேல் பிழை. ஏன் பிழை என்று, மெஷினைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பச்சைக் கொழுந்தை ரோலரில் போடுவார்களா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மடுவத்தில் எடை பார்த்த தேயிலைக் கொழுந்து, ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனதும், நேரே இலையை முறுக்குகிற ரோலரில் கொட்டமாட்டார்கள். தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு, பல மணி நேரம் வாட்டுவார்கள். சரியாக வாடாத இலையை ரோலர் முறுக்கினால் அது சுருண்டு வராது, நொறுங்கிப் போகும். அப்போது யாராவது ரோலரைத் திட்டுவார்களா? மழை நாள் கொழுந்தா, வெயில் நாள் கொழுந்தா, எவ்வளவு நேரம் வாடியது என்றுதான் முதலில் கேட்பார்கள். இலைக்கு ஒரு குணம் இருக்கிறது, மெஷினை அந்தக் குணத்துக்குத் தக்கபடிதான் ஓட்ட வேண்டும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

துணிக்கும் அதே கதைதான். தடிப்பு, நெருக்கம், இழுபடுகிற அளவு, வழுக்கல், ஈரம் குடிக்கிற பழக்கம், இவையெல்லாம் துணியின் குணங்கள். தைக்கும்போது வருகிற கோளாறுகளில் பெரும் பங்கு, இந்தக் குணத்துக்கும் நாம் போட்ட ஊசி, நூல், இறுக்கத்துக்கும் ஒத்துப்போகாததால் வருவது. விசித்திரம் என்னவென்றால், இலையிடம் நாம் காட்டுகிற இந்த மரியாதையைத் துணியிடம் காட்டுவதில்லை.

துணிக்கு உள்ளே என்ன இருக்கிறது

துணிகளைப் பெரிதாக இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம்.

ஒன்று நெய்த துணி. பாய் பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள், நீளவாக்கில் ஒரு கூட்டம் இழைகள், அவற்றுக்கு மேலும் கீழும் நுழைந்து குறுக்கே போகும் இன்னொரு கூட்டம். நீளமாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சேர்ட், சாரம், ஜீன்ஸ், பாடசாலைச் சீருடை எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு கைக்குட்டையை எடுத்து நேராக இழுத்துப் பாருங்கள், அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் வழிவிடும், ஏனென்றால் அப்போது நீங்கள் இழையை இழுக்கவில்லை, இழைகள் சந்திக்கும் கோணத்தைத்தான் சரிக்கிறீர்கள். டெய்லர் கடையில் கிராஸ் என்று சொல்வது இந்த மூலைவாட்டத்தைத்தான்.

மற்றது பின்னல் துணி. டீசேர்ட், பனியன், ஸ்வெட்டர். இதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளையம் வளையமாக மடிந்து, ஒரு வளையத்துக்குள் அடுத்தது நுழைந்து நிற்கிறது. அந்த வளையத்தைக் கண்ணி என்போம். கண்ணி வளைந்து கொடுக்கும், அதனால்தான் டீசேர்ட் தலைக்கு மேலால் சுலபமாக இறங்குகிறது. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ளதைப் பிடிக்க ஆள் இல்லை. நுவரெலியாவில் வாங்கிய ஸ்வெட்டர் ஆணியில் மாட்டி ஒரு நூல் அறுந்து, ஏணி மாதிரி ஓடிக்கொண்டே போனதைப் பார்த்திருப்பீர்கள்.

எடைக்கு ஒரு அளவு இருக்கிறது, ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சாதாரண டீசேர்ட் துணி 140 முதல் 180 வரை வரும், தடித்த ஜீன்ஸ் 400ஐத் தொடும். பலர் துணியைப் பற்றி இது ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஒரே ஜிஎஸ்எம்மில் நெய்த துணியும் பின்னல் துணியும் கிடைக்கும், இரண்டையும் ஒரே மாதிரித் தைத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் கெடும். எடையை விட அமைப்புத்தான் முக்கியம் என்பது என் கட்சி.

ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது

வீட்டுச் சிங்கர் மெஷினும் கார்மன்ட்டில் நாங்கள் ஜுக்கி என்று கூப்பிடுகிற மெஷினும் அடிப்படையில் ஒரே மாதிரித்தான் தைக்கின்றன. மேல் நூலை ஊசி கீழே கொண்டுபோகிறது, அங்கே அது கீழ் நூலான பாபின் நூலைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. இரண்டும் கோர்த்துக்கொள்கிற முடிச்சு துணியின் நடுத் தடிப்பில், வெளியே தெரியாமல் உட்கார வேண்டும். ஊசி ஒரு தடவை இறங்கி ஏறுவது ஒரு தையல். இப்படிப் பல தையல்கள் சேர்ந்து இரண்டு துண்டை ஒன்றாக்கும் கோட்டை நாங்கள் லைனில் சீம் என்போம். சாரம் மூட்டினாயா என்று வீட்டில் கேட்பார்களே, அந்த நல்ல சொல் இருக்கும்போது எதற்கு சீம்? இங்கே மூட்டு என்றே எழுதுகிறேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஊசிப் பைக்கற்றில் 90/14 என்று போட்டிருக்கும். இந்த 90 என்றால் ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீட்டர். பக்கத்தில் உள்ள 14 அதே அளவுக்கு சிங்கர்காரர் வைத்த பழைய இலக்கம். ஒரு அங்குலத்துக்கு 12 தையல் போட்டால் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 2.1 மில்லிமீட்டர். அதாவது 2.1இல் 0.9ஐ ஊசி எடுத்துக்கொள்கிறது. உறுதியாக இருக்கட்டும் என்று 20 தையல் போட்டீர்களானால் இடைவெளி 1.27க்கு இறங்கிவிடும், அதே ஊசிக்கு நடுவில் மிஞ்சுவது ஒரு நூல் அகலம்தான். தபால் முத்திரைத் தாளில் கிழிப்பதற்கென்றே ஓட்டை போட்டிருப்பார்களே, அந்த வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள்.

நல்ல வேளையாக, ஊசி எப்போதும் இழையை அறுப்பதில்லை. இடம் இருந்தால் இழைகள் விலகி வழிவிடும், ஊசி போனதும் திரும்பி வரும். இடம் இல்லாவிட்டால்தான் வினை. இதுவரைக்கும் சொன்னதில் இதை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும்: துணிக்குள் இழைகளுக்கு நகர இடம் இருக்கிறதா, அளவுக்கு மிஞ்சி இருக்கிறதா? இனி வருகிற கோளாறுகளில் பல இந்தக் கேள்வியில் இருந்துதான் கிளம்புகின்றன.

பக்கரிங்: எல்லாரும் திட்டு வாங்குகிற இடம்

மூட்டு நெடுக வருகிற அந்தச் சின்னச் சின்னச் சுருக்குக்குப் பெயர் பக்கரிங். மெல்லிய துணியில்தான் இது அதிகம், தடித்த துணி தன் விறைப்பாலேயே எதிர்த்து நின்றுவிடும். மெல்லியது சுலபம் என்று நினைப்பவர்கள் முதலில் அடிபடுவது இங்கே. இதற்குக் காரணம் ஒன்று என்று நினைத்து எல்லாரும் ஒரே மருந்து கொடுக்கிறார்கள், டென்ஷனை, அதாவது தைக்கும்போது நூலுக்குக் கொடுக்கிற இறுக்கத்தை, குறை என்று. காரணம் குறைந்தது நான்கு.

ஹட்டன் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீட்டில் நாலாவது ஆள் "கொஞ்சம் தள்ளுங்க" என்று இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் முன்னால் வருவார், ஒருவர் பின்னால் சாய்வார், வரிசை நெளியும். மிக நெருக்கமாக நெய்த துணிக்குள் தையல் நூல் போய் உட்காரும்போது நடப்பது அதுதான். ஏற்கெனவே இடமில்லாத இழைகளுக்கு நடுவில், இரண்டு நூலும் கோர்த்த முடிச்சு வேறு, அது இழைகளை இரண்டு பக்கமும் தள்ளுகிறது, துணிக்கு நீள வழியில்லாததால் மேலே எழும்புகிறது. இதற்கு டென்ஷனைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. நூலை மெலிதாக்க வேண்டும், ஊசியைச் சின்னதாக்க வேண்டும், அங்குலத்துக்கான தையலைக் குறைக்க வேண்டும். மூட்டு பாவின் வழியே நேராக ஓடினால் இந்தச் சுருக்கு மோசமாக இருக்கும், கிராஸில் வெட்டிய மூட்டில் மிகக் குறைவு. வடிவத்தை வரைகிறவரே கொஞ்சம் சாய்த்து வெட்டி வைத்தால் கீழே லைனில் ஒரு பிள்ளை திட்டு வாங்காமல் தப்பிப்பாள்.

இரண்டாவதுதான் அந்த டென்ஷன். பொலியெஸ்டர் நூல் கொஞ்சம் ரப்பர் மாதிரி, இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இறுக்கமாக வைத்துத் தைத்தால் நீண்ட நிலையில் துணிக்குள் போய், அப்புறம் ஆறுதலாகப் பழைய நீளத்துக்குத் திரும்பி, துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். மெஷினில் இருந்து எடுக்கும்போது நன்றாக இருந்த உருப்படி மறுநாள் காலையில் சுருங்கியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் வையுங்கள்.

மூன்றாவது, மேல் துணியும் கீழ் துணியும் ஒரே வேகத்தில் போகாதது. கீழே பல் வைத்த ஒரு தகடு துணியை முன்னே தள்ளுகிறது, மேலே மெஷினின் பாதம் அழுத்திக்கொண்டு நிற்கிறது. கீழ்த் துண்டு பல்லோடு போய்விடும், மேல் துண்டு பாதத்தில் உரசிப் பின்தங்கும். வழுக்குகிற துணியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு துண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் சுருக்கு இருந்து, முடிவில் மேல் துண்டு நீண்டு மிஞ்சினால் இதுதான். நல்ல ஒப்பரேட்டர் மேல் துண்டை விரலால் இலேசாகத் தள்ளிக் கொடுப்பாள். கைத்திறமை என்று நாம் சொல்வதில் உண்மையாகவே கைக்குச் சேர வேண்டிய பங்கு இது.

நாலாவது காரணம் ஃபெக்டரியில் தெரியவே தெரியாது. வாங்கியவர் முதல் தடவை துவைக்கும்போதுதான் வரும். துணியும் நூலும் வெவ்வேறு அளவில் சுருங்கினால், அதிகமாகச் சுருங்கியது மற்றதை இழுக்கும். கவுணில் முதுகு ஜிப் பாம்பு மாதிரி நெளிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், ஜிப்பின் நாடா சுருங்கவில்லை, இரு பக்கத் துணியும் சுருங்கிவிட்டது.

ஆக, சுருக்கைப் பார்த்ததும் டென்ஷன் திருகாணியைத் திருகுவதற்கு முன் எந்தச் சுருக்கு என்று பார்க்க வேண்டும். எளிய வழி ஒன்று இருக்கிறது. மூட்டில் மேல் நூலை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள், துணி உடனே படுத்துவிட்டால் இறுக்கத்தின் வேலை. மூட்டின் ஒரு பகுதியை இரண்டு முனையிலும் குறுக்கே வெட்டியெடுத்து, நூலை உருவிப் பார்க்கும்போது ஒரு துண்டு மற்றதை விட நீளமாக இருந்தால் தள்ளலின் வேலை. இஸ்திரி போட்டு அமுக்கினால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம், முதல் துவையலில் திரும்பி வந்துவிடும்.

பக்க மூட்டு வயிற்றுக்கு வந்துவிட்ட டீசேர்ட்

இதற்குத் தனித் தலைப்பு வைப்பதற்குக் காரணம், இதை விட அநியாயமாக யாரும் திட்டு வாங்குவதில்லை. புது டீசேர்ட் வாங்குகிறோம், மூன்று தரம் துவைக்கிறோம், இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மூட்டு மெல்ல மெல்ல முன்பக்கம் நகர்ந்து வருகிறது. கோணலாகத் தைத்துவிட்டான் என்கிறோம்.

தைத்தவர் நேராகத்தான் தைத்தார். நூல் நூற்கும்போது அதற்கு முறுக்கு ஏற்றுகிறார்கள், முறுக்கு இல்லாமல் பஞ்சு நூலாகாது. முறுக்கிய எதற்கும் பிரிந்து ஓய ஆசை இருக்கும், கயிற்றைத் திருகி விட்டுப் பாருங்கள். அந்த நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னி வைத்தால் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாயப் பார்க்கும். கடையில் இருக்கும்போது இஸ்திரியும் விறைப்பும் அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் பிடி விட்டுவிடும், ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒரே திசையில் சாய்ந்தால் உடம்பு முழுக்கத் திருகிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மூட்டு பாவம், கூடவே போகிறது. இதைத் திருத்த வேண்டிய இடம் நூற்கிற ஆலையும் பின்னுகிற ஆலையும். தையல் லைனில் இதற்கு மருந்து கிடையாது.

சாக்கும் லைனிங்கும்

இனி எதிர்ப் பிரச்சினை, இழைகளுக்கு இடம் அதிகமாக இருப்பது. ஒரு கோணிச் சாக்கின் வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு இழையாகக் கழன்று வரும். நெருக்கம் குறைந்த, இழை வழுக்குகிற எந்த நெய்த துணிக்கும் இந்தக் குணம் உண்டு. கோட்டுக்குள் வைக்கிற லைனிங், மினுமினுக்கிற சாட்டின் எல்லாம் இந்த வகை. மூட்டை இழுக்கும்போது தையல் நூல் அறாது, துணியும் கிழியாது, ஆனால் தையலுக்குப் பக்கத்தில் இருந்த இழைகள் மட்டும் வழுக்கி விலகி, அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரி ஒரு வாய் திறக்கும். நூல் விலகல் என்று இதைச் சொல்லலாம். சோதனைக்கூடத்தில் மூட்டை இழுத்து, இந்த வாய் 6 மில்லிமீட்டர் திறக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பது வழக்கம்.

நூல் பலமில்லை என்று தடித்த நூலைப் போட்டால் இதற்கு ஒரு மாற்றமும் வராது, இங்கே தையல் நூல் அறுந்துபோகவில்லையே. மூட்டுக்கு வெளியே விடுகிற ஓரத்தை அகலமாக விடுவது, தையலைக் கொஞ்சம் நெருக்குவது, இல்லாவிட்டால் ஜீன்ஸ் கால் மூட்டு மாதிரி இரண்டு ஓரத்தையும் மடித்துக் கோர்த்து இரட்டைத் தையல் போடுவது, இவைதான் வழி. மேலே பக்கரிங்குக்குத் தையலைக் குறைக்கச் சொன்னவன் இங்கே கூட்டச் சொல்கிறானே என்று கேட்டால், ஆமாம், நெருக்கமான துணிக்கு ஒன்று, தளர்ந்த துணிக்கு மற்றது.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூட்டு துணியை விடப் பலமாக இருக்கக் கூடாது, ஒரு இழை பலவீனமாக இருப்பது நல்லது. தாங்க முடியாத இழுப்பு வந்தால் தையல் பிரியட்டும், பத்து நிமிடத்தில் திரும்பத் தைக்கலாம். துணி கிழிந்தால் உடுப்பே போய்விடும்.

பின்னல் துணியில் ஊசி ஓட்டை

கண்ணி அறுந்தால் ஏணி ஓடும் என்று சொன்னேனே. கூர் ஊசி பின்னல் துணியில் இறங்கினால் சில வேளை கண்ணியின் நூலையே குத்தி அறுத்துவிடும். அதனால் பின்னலுக்கு நுனி உருண்ட ஊசி போடுகிறோம், அது கூட்டத்தில் தோளால் தள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி நூலை ஒதுக்கிவிட்டுப் போகும். ஆனால் ஊசி சரியாக இருந்தும் ஓட்டை விழுகிற நாட்கள் இருக்கின்றன. அப்போது துணியைத் தொட்டுப் பார்த்தால் வறண்டு, கரகரவென்று இருக்கும். சாயமிட்ட பிறகு மென்மைக்காகப் போடுகிற மருந்து குறைந்திருக்கும், அல்லது அளவுக்கு மிஞ்சிக் காய வைத்திருப்பார்கள். நூல் நூலோடு உரசி நின்றுவிடுகிறது, ஊசிக்கு வழிவிட முடிவதில்லை. கொடுமை என்னவென்றால், அன்றைக்கு ஓட்டை கண்ணில் படாது. அறுந்த கண்ணி அங்கேயே இருக்கும், துவைத்த பிறகுதான் வாய் திறக்கும்.

அப்புறம் நீட்சி. டீசேர்ட் துணி இழுபடும், ஆனால் ஜுக்கி போடுகிற சாதாரணத் தையல் அந்த அளவுக்கு இழுபடாது. துணி நீளும், தையல் நீளாது, பட்டென்று அறும். அதனால்தான் பின்னல் உடுப்பை ஓவர்லாக் மெஷினில் தைக்கிறோம். அது நூலை வளையம் வளையமாக விட்டு ஓரத்தைச் சுற்றிக் கட்டுகிறது. சாதாரணத் தையலைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் நூல் குடிக்கும், அந்த மிச்ச நூல்தான் இழுக்கும்போது நீளக் கொடுக்கிறது.

சூடு

சுருக்கமாக. கார்மன்ட் மெஷின் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் ஓடும். நெருக்கமான துணிக்குள் அந்த வேகத்தில் உரசினால் ஊசி காய்ந்துவிடும். பருத்தி உருகாது, ஆனால் பொலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகையில் உருகும், சில நைலோன் 220க்குப் பக்கத்திலேயே. ஓடிக்கொண்டிருக்கும்போது நூலும் துணியும் ஊசியைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டே இருக்கும், மெஷினை நிறுத்துகிற அந்தக் கணத்தில் சூட்டு ஊசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற நூல் உருகி, திரும்ப மிதித்ததும் அறுந்து வரும். "நிப்பாட்டினா அறுது" என்று ஒப்பரேட்டர் சொன்னால் அவளுடைய காலைக் குறை சொல்லாமல் ஊசியைப் பாருங்கள்.

மலைக் குளிரும் துணியின் தாகமும்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். மிஸ்ட் இறங்குகிற நாளில் கொடியில் போட்ட பருத்திச் சட்டை இரண்டு நாளானாலும் காயாது, பக்கத்தில் கிடக்கும் பொலியெஸ்டர் பாவாடை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இந்த ஒரு கொடியிலேயே பாடம் இருக்கிறது. 20 பாகை வெப்பம், 65 வீத ஈரப்பதம் உள்ள அறையில் 100 கிலோ உலர்ந்த பருத்தியை வைத்தால் அது காற்றிலிருந்து மட்டுமே ஏழெட்டுக் கிலோ தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பொலியெஸ்டர் அரைக் கிலோகூடக் குடிக்காது. ஈரம் குடித்த இழை கொஞ்சம் பருக்கும், அளவு மாறும். துணியைச் சோதிக்கிற அறைகளைப் பெரும்பாலும் இந்த 20க்கும் 65க்கும் வைத்திருப்பது அதனால்தான்.

துணிச் சுருளைப் பிரித்ததும் வெட்டிவிடாமல் ஒரு நாள் விரித்துப் போட்டு வைப்பதும் இதற்கு உறவான விஷயம்தான். ஆலையில் பின்னல் துணியை இழுத்து இழுத்துத்தான் சுருட்டுவார்கள். பிரித்து விட்டால் மெதுவாகத் தன் பழைய அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால், மேசையில் 70 சென்டிமீட்டராக இருந்த உடல் துண்டு தைக்க வரும்போது குறைந்திருக்கும், கழுத்துப் பட்டியோடு பொருந்தாது, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டி வரும், அலை அலையாக நிற்கும். பழி யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வாட்டாத கொழுந்து, அவ்வளவுதான். நம் ஊர் டெய்லர்மார் பருத்தித் துணியைக் கொடுத்தால் "நனைச்சுக் காய வச்சுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்புவார்களே, அது சோம்பலில் சொல்வதில்லை.

கையால் செய்கிற சோதனை

ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் கவபத்தா என்ற பேராசிரியர் 1970களில், துணியைக் கை எப்படி உணர்கிறதோ அதை அளப்பதற்கென்றே கருவிகளைச் செய்தார். இலேசாக இழுத்தால் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வளைகிறது, சரிகிறது, அமுங்குகிறது, மேல்பரப்பு எவ்வளவு வழுக்குகிறது என்று. நம்மிடம் அந்தக் கருவி இல்லை, விரல் இருக்கிறது. நான் இப்போது சின்னதாக ஒரு தையல் இடம் வைத்து இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன், துணி வந்தால் முதலில் செய்யச் சொல்வது இவைதான்.

வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார், இழை சுலபமாகக் கழன்றால் ஓரத்தை அகலமாக விடு. நேராகவும் மூலைவாட்டத்திலும் இழு. இரண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து விரலால் தள்ளு, வழுக்கினால் குண்டூசி குத்து. ஒரு சாண் சதுரம் வெட்டி, தாளில் அதன் அளவை வரைந்து வைத்துவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்துக் காய வைத்துத் திரும்ப அதே தாளில் வை. கடைசியாக, மிஞ்சின துண்டில் ஒரு முழம் தைத்து, ஊசி இலக்கம், நூல், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று பேனையால் அதிலேயே எழுதிச் சுவரில் குத்து. எங்கள் சுவரில் இப்போது ஐம்பதுக்கு மேல் தொங்குகின்றன. புதுத் துணி வந்தால் பிள்ளைகள் என்னைக் கேட்பதில்லை, சுவரில் எது இதைப் போல இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்க்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக் வந்தார். 14ஆம் இலக்க ஊசியைக் கழற்றி 9 போட்டார், நூலை மெலிதானதுக்கு மாற்றினார், இரண்டு இறுக்கத்தையும் தளர்த்தி, அங்குலத்துக்கு இரண்டு தையல் குறைத்தார். பதினைந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு சாயந்தரம் வரைக்கும் அவளுக்கு விழுந்தது மூன்றோ நான்கோ ஸ்டிக்கர்தான். காலையில் விழுந்தவை மட்டும் அந்த மாத ரிப்போர்ட்டில் அவள் பெயருக்கு நேரே அப்படியே இருந்தன.